நாளுக்கு இரண்டு விநாடி

கைப்பேசி வந்த பிறகு நம் வீடுகளில் கடிகாரத்தைச் சரிசெய்யும் பழக்கமே மறைந்துவிட்டது. முன்பெல்லாம் வானொலிச் செய்திக்கு முன் ஒலிக்கும் மணியைக் கேட்டுச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி வைப்பார்கள். இன்று கைப்பேசி தானாகவே சரியான நேரத்தைக் காட்டுகிறது. அதனால் மின்சாரத்தில் ஓடும் எல்லாக் கருவிகளும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறோம்.

ஆனால், இணையத்தோடு பேசாத கணினிகள் நம்மைச் சுற்றி ஏராளமாக இருக்கின்றன. கடையின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் கண்காணிப்பு கேமராவின் பதிவுப்பெட்டி, தொழிற்சாலை வாசலில் விரல் வைத்துவிட்டு உள்ளே போகும் வருகைப்பதிவுக் கருவி, கணக்கு எழுத மட்டும் வைத்திருக்கும் பழைய கணினி எல்லாம் இந்த வகை. தங்களுக்குள் இருக்கும் ஒரு சிறு கடிகாரத்தை நம்பித்தான் இவை நேரம் சொல்கின்றன. அது காட்டும் நேரமே ஒருவரின் சம்பளக் கணக்காகிறது. சில வேளைகளில் ஒருவர் மீது விழும் பழியாகவும் ஆகிவிடுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் சிறு கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி பழுதுபார்ப்பது என் தொழில். "மணி தப்பா காட்டுது" என்று யாராவது அழைத்தால், "எவ்வளவு தப்பாக?" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலோர் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள். டாக்டரிடம் போகும்போது காய்ச்சல் எத்தனை டிகிரி என்று தெரிந்திருந்தால் எப்படி உதவுமோ, அப்படித்தான் இதுவும். எவ்வளவு தவறுகிறது என்று தெரிந்தால், ஏன் தவறுகிறது என்பது பாதி விளங்கிவிடும்.

கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள்

ஒரு கணினியில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று வன்பொருள் கடிகாரம். மதர்போர்டில் இருக்கும் இது, கணினியை அணைத்த பிறகும், மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். காசு வடிவில் உள்ள ஒரு சிறு பேட்டரிதான் இதற்கு உயிர். பெரும்பாலான கணினிகளில் அதன் மேல் சிஆர்2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு என்பதே அந்த எண்ணின் பொருள். அதன் மின்னழுத்தம் 3 வோல்ட்.

மற்றொன்று இயங்குதளத்தின் கடிகாரம். திரையின் ஓரத்தில் நாம் பார்ப்பது இதைத்தான். கணினி எழும்போது வன்பொருள் கடிகாரத்திடம் ஒருமுறை நேரம் கேட்டுக்கொள்ளும். அதன்பின் தன் போக்கில் தானே எண்ணத் தொடங்கிவிடும். இணையம் இருந்தால் இடையிடையே அங்கே கேட்டுத் திருத்திக்கொள்ளும். இணையம் இல்லாவிட்டால், அடுத்த நாள் காலை மீண்டும் அந்தச் சிறு கடிகாரம் சொல்வதே வேதம்.

தவறின் அளவைப் பாருங்கள்

நான் பார்த்தவரை நேரப் பிழைகள் நான்கு வகை.

முதல் வகையில் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். கணினியை அணைத்து எழுப்பும்போதெல்லாம் ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஜனவரி 1 வந்து நிற்கும். கூடவே, எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பு இல்லை" என்று உலாவி எச்சரிக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பின்னே போன கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! கணினி கெட்டுவிட்டது, வைரஸ் புகுந்துவிட்டது என்று பயந்து கொண்டுவருவார்கள். சில ரிங்கிட்டுக்கு ஒரு பேட்டரி மாற்றினால் போதும்.

இரண்டாம் வகையில் சரியாக 8 மணி நேரம் தப்பும். ஒரே கணினியில் விண்டோசும் லினக்சும் வைத்திருக்கும் மாணவர்கள் இதை அதிகம் சந்திக்கிறார்கள். விண்டோஸ், வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் வழக்கமாக உலகப் பொது நேரத்தை எழுதும். மலேசியாவும் சிங்கப்பூரும் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால் இருக்கின்றன. ஆகவே ஒன்று எழுதியதை மற்றொன்று படிக்கும்போது 8 மணி தவறுகிறது. இரண்டையும் ஒரே வழக்கத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு லினக்சிலேயே உண்டு. கடிகாரத்தை நோவதில் பயனில்லை.

மூன்றாம் வகை அரை மணிப் பிழை. பழைய தேதிகளைக் கையாளும் மென்பொருள்களில் மட்டும் இதைப் பார்க்கலாம். தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் முன்பு உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணிதான் முன்னால் இருந்தன. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனபோது கடிகாரத்தை 12.00 ஆக்கி 1982-ஐ வரவேற்றார்கள். சபா, சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்க மலேசியா அப்படிச் செய்தது. சிங்கப்பூரும் கூடவே மாறியது. எல்லாத் தேதிக்கும் 8 மணி என்று கணக்கிடும் மென்பொருள், 1982-க்கு முந்தைய நாள்களில் அரை மணி பிசகும். ஜாதகம் கணிக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை லக்னம் மாறும் என்பார்கள். 1970-களில் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பிறந்த அம்மாவுக்கு, அப்பாவுக்கு ஜாதகம் போட்டால், மென்பொருள் 7.30 என்று எடுத்துக்கொள்கிறதா, 8.00 என்றா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான்காம் வகைதான் இந்தக் கட்டுரையின் பொருள். நேற்று சரியாக இருந்தது, இன்று இரண்டு விநாடி கூடியிருக்கிறது. ஒரு மாதத்தில் ஒரு நிமிடம், ஓர் ஆண்டில் கால் மணி நேரத்தை நெருங்கும். இது பேட்டரியின் குறை அல்ல, வைரசும் அல்ல. கடிகாரத்தின் இயல்பே இதுதான்.

32,768 துடிப்புகள்

வன்பொருள் கடிகாரத்தின் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். இசைக் கவைபோல இரண்டு கால்களுடன், அரிசியைவிடச் சிறிதாக வெட்டி, ஓர் உலோகக் குப்பிக்குள் வைத்திருப்பார்கள். மின்சாரம் பட்டால் அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் உண்டு. அதைத் தொடர்ந்து 15 முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். பாதியாக்குவது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை. ஆகவே 15 படி இறங்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும்.

ஆனால் எந்தப் படிகமும் அச்சு அசலாக 32,768 முறை அதிராது. விலை குறைந்த படிகங்களில் மில்லியனுக்கு 20 பங்கு வரை கூடலாம், குறையலாம் என்று தயாரிப்பாளர்களே சொல்லித்தான் விற்கிறார்கள். மில்லியனில் 20 என்றால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஒரு நாளில் 86,400 விநாடிகள். கணக்குப் போட்டால் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறத்தாழ 52 விநாடி!

இதோடு வெப்பமும் சேரும். இந்தவகைப் படிகம் 25 டிகிரி செல்சியசில்தான் தன் முழு வேகத்தில் ஓடும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். 10 டிகிரி விலகினால் நாளுக்குச் சுமார் 0.3 விநாடி பின்தங்கும். 20 டிகிரி விலகினால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு, அதாவது 1.2 விநாடி. குளிர்சாதன அறையில் இருக்கும் கணினியும், துத்தநாகக் கூரைக்குக் கீழே 45 டிகிரி சூட்டில் கிடக்கும் பதிவுப்பெட்டியும் ஒரே தொழிற்சாலையில் பிறந்திருந்தாலும் ஒரே நேரம் காட்டாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும் படிகம் பெரும்பாலும் ஒரே அளவில்தான் தவறும். இன்று இரண்டு விநாடி கூட ஓடினால் நாளையும் ஏறத்தாழ அதே இரண்டுதான். அந்த அளவைக் கண்டுபிடித்துவிட்டால், முன்னோக்கித் திருத்தலாம். பின்னோக்கியும் கணக்கிடலாம். அந்தப் பின்னோக்கிய கணக்குக்குத் தேவை வந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன்.

ஒரு மளிகைக் கடையில்

நான் வழக்கமாகப் போகும் ஒரு மளிகைக் கடை. ஒருநாள் இரவு கணக்கு முடிக்கும்போது 300 ரிங்கிட் குறைந்தது. கல்லாவோடு இணைந்த கணினியைப் பார்த்தால், விற்பனை எதுவும் இல்லாமல் இரவு 8.52-க்குக் கல்லா ஒருமுறை திறந்ததாகப் பதிவு இருந்தது. முதலாளி கேமராப் பதிவில் 8.52-ஐப் போட்டுப் பார்த்தார். கல்லாவுக்குப் பின்னே கடையில் வேலை செய்யும் இளைஞர் தனியாகக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கீழே பிளாஸ்டிக் பைகளை அடுக்கியதாக அவர் சொன்னார். முதலாளி நம்பவில்லை. நாளை முதல் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

ஐந்து நாள் கழித்து, அந்தப் பதிவைப் பென்டிரைவில் எடுத்துக் கொடுக்க என்னை அழைத்தார். போலீசில் புகார் செய்ய வேண்டுமாம். பதிவுப்பெட்டியின் திரையைப் பார்த்ததும் என் கண் நேரத்தின் மீது போனது. கைப்பேசியோடு ஒப்பிட்டேன். பெட்டி 13 நிமிடம் 56 விநாடி முன்னால் ஓடியது. கல்லாக் கணினியோ இணையத்தில் இருந்தது. அதன் நேரம் சரி.

"அண்ணே, கேமராவில் 8.52 என்று தெரிவது உண்மையில் 8.38. நீங்கள் வேறு நேரத்தைப் பார்த்திருக்கிறீர்கள்" என்றேன்.

உண்மையான 8.52-ஐக் காண, பதிவில் 9.06-ஐ ஒட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தோம். அங்கே நின்றவர், அன்று மட்டும் உதவிக்கு வந்திருந்த முதலாளியின் சொந்தத் தம்பி. அந்த இளைஞர் படத்திலேயே இல்லை. கேமரா கல்லாவுக்குப் பின்னால், உயரத்தில் இருந்தது. உள்ளே யார் நிற்கிறார் என்று தெரியுமே தவிர, கல்லா திறப்பதோ, எதிரே நிற்பவரோ தெரியாது.

முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னைக்கு 14 நிமிஷம் முந்துது, சரி. அஞ்சு நாளைக்கு முன்னாடியும் அப்படித்தான் இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? நடுவுல கரண்டு போய் மாறியிருந்தா?" என்று கேட்டார். இளைஞரைச் சந்தேகிக்க அவருக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. தம்பியிடம் கேட்க மட்டும் ஆதாரம் தேவைப்பட்டது. இருந்தாலும் கேள்வி நியாயமான கேள்விதான்.

அந்தப் பதிவை முதலில் நகலெடுத்து வைத்தேன். இல்லாவிட்டால் பெட்டி நிறைந்ததும் பழையது தானாக அழிந்துவிடும். பெட்டியின் நேரத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரியாக ஏழு நாள் கழித்து, அதே நேரத்துக்குப் போய்ப் பார்த்தேன். வித்தியாசம் இப்போது 14 நிமிடம் 10 விநாடி. ஏழு நாளில் 14 விநாடி கூடியிருந்தது. அதாவது நாளுக்கு இரண்டு விநாடி.

இனி பின்னோக்கிய கணக்கு. நான் முதலில் வந்த நாளில் வித்தியாசம் 836 விநாடி. அதற்கு ஐந்து நாள் முன்னால், நாளுக்கு இரண்டு வீதம் பத்து குறைய, 826 விநாடி. அதாவது 13 நிமிடம் 46 விநாடி. பத்து விநாடி பெரிய மாற்றமில்லை. எனக்கு வேண்டியிருந்தது வேறொன்று. பெட்டியைப் பொருத்திய நாளின் ரசீதை எடுக்கச் சொன்னேன். சுமார் 420 நாள் ஆகியிருந்தது. நாளுக்கு இரண்டு வீதம் 840 விநாடி வரவேண்டும். நான் கண்டது 836. பொருத்திய அன்று சரியாக வைத்த நேரம், ஒருநாள்கூட இடையில் தாவாமல், சிறுகச் சிறுக முந்தி இங்கே வந்து நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

முதலாளி தம்பியைத் தொலைபேசியில் அழைத்தார். "ஆமாண்ணே, அரிசி லாரிக்காரருக்கு 300 வெள்ளி கொடுத்தேன். ரசீதைக் கல்லாத் தட்டுக்குக் கீழே வச்சேனே, பார்க்கலையா?" என்றார் அவர். தட்டைத் தூக்கினால் ரசீது இருந்தது. திருட்டே நடக்கவில்லை.

முதலாளி அன்று மாலையே அந்த இளைஞரின் வீட்டுக்குப் போனார். வேலையில்லாமல் இருந்த 12 நாள் சம்பளத்தையும் கொடுத்தார். இளைஞர் திரும்ப வந்தார். ஆனால் அடுத்த மாதமே வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

அளந்து திருத்துவது எப்படி

அந்தக் கடையில் செய்ததைத்தான் எந்தக் கணினிக்கும் செய்யலாம். இதற்கு நான்கு படிகள்.

ஒன்று, கணினியின் நேரத்தைச் சரியாக வையுங்கள். விநாடி காட்டும் கைப்பேசிக் கடிகாரம் போதும். அதில் தானியங்கி நேரம் இயக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு, தேதியையும் நேரத்தையும் எழுதி வைத்து, ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். மூன்று, மீண்டும் ஒப்பிட்டு வித்தியாசத்தை நாள்களால் வகுங்கள். நான்கு, அந்த அளவைத் திருத்தமாகக் கொடுங்கள்.

ஒரு வாரம் எதற்கு, ஒரே நாளில் அளக்கக் கூடாதா என்று கேட்கலாம். கண்ணால் பார்த்து ஒப்பிடும்போது ஒரு விநாடி முன்பின் ஆவது இயல்பு. ஒரே நாளில் அளந்தால் அந்த ஒரு விநாடி முழுவதும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். ஏழு நாளில் அளந்தால் ஏழில் ஒரு பங்குதான் ஏறும். ஒரு மாதம் விட்டால் இன்னும் நல்லது. கணினி வழக்கமாக இருக்கும் இடத்திலேயே, வழக்கமான சூட்டிலேயே அளப்பதும் முக்கியம். குளிர்சாதன அறையில் அளந்த கணக்கு, சமையலறைப் பக்கம் வைத்த கணினிக்குப் பொருந்தாது.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இந்தக் கணக்கை ஒரு கட்டளையே போட்டுக் கொடுக்கும். அதன் பெயர் ஹெச்டபிள்யூகிளாக். சரியான நேரத்தை ஒருமுறை வன்பொருள் கடிகாரத்தில் எழுதி, சில நாள் கழித்துத் திருத்த அளவைப் புதுப்பிக்கச் சொல்லி மீண்டும் எழுதினால், இடையில் எவ்வளவு தவறியது என்று அதுவே கண்டுபிடிக்கும். நாளுக்கு இத்தனை விநாடி என்று அட்ஜ்டைம் என்ற சிறு கோப்பின் முதல் வரியில் குறித்தும் வைக்கும். இரண்டு அளவுகளுக்கும் இடையே 4 மணி நேரமாவது இல்லாவிட்டால் அது கணக்கிடாது. அவசரக்காரர்களுக்கு அது போட்டிருக்கும் கடிவாளம்! அளவு கிடைத்தபின், கணினி எழும்போது திருத்தக் கட்டளையை ஓடவிட்டால், அணைந்திருந்த நாள்களில் கூடியதைக் கழித்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைய நேரத்தோடு இணைந்திருக்கும் லினக்ஸ் கணினியில், சுமார் 11 நிமிடத்துக்கு ஒருமுறை இயங்குதளமே சரியான நேரத்தை வன்பொருள் கடிகாரத்தில் எழுதிவிடும். அப்படி எழுதிக்கொண்டே இருந்தால் படிகத்தின் இயல்பான பிசகு வெளியே தெரியாது. அளக்கும் வாரத்தில் இணைய நேரத்தை நிறுத்தி வையுங்கள்.

பள்ளி, கல்லூரித் திட்டப்பணிகளுக்கு ராஸ்பெரி பை வாங்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னொரு விஷயம். அதன் ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய பலகைகளில் வன்பொருள் கடிகாரமே கிடையாது. இணையம் இல்லாத இடத்தில் மின்சாரம் போய் வந்தால், அதற்கு நேரம் தெரியாது. டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரத் தகட்டைத் தனியாக வாங்கிப் பொருத்துவார்கள். அது தன் சூட்டைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை மில்லியனுக்கு 2 பங்குக்கு மேல் தவறாது. ஓர் ஆண்டுக்கு அதிகபட்சம் ஒரு நிமிடம்தான். இன்னும் நுட்பம் வேண்டுவோர், மில்லியனில் ஏறத்தாழ 0.1 பங்கு என்ற சிறு படிகளில் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும்.

இணையம் இருந்தால்

இணையம் உள்ள கணினிக்கு இவ்வளவு பாடு இல்லை. அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கிய என்டிபி என்ற நேரச்சீர் முறை 1985 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. அவர் 2024 ஜனவரியில் காலமானார். உலகின் கோடிக்கணக்கான கணினிகள் இன்றும் அவர் வகுத்த வழியில்தான் மணி கேட்கின்றன.

அதன் யுக்தி எளிமையானது. உங்கள் கணினி 10.00.00 என்று தன் நேரத்தைக் குறித்துக்கொண்டு "மணி என்ன?" என்று கேட்கிறது. பதில் வந்து சேரும்போது தன் கடிகாரத்தில் 0.08 விநாடி கழிந்திருப்பதைப் பார்க்கிறது. போக ஒரு பாதி, வர ஒரு பாதி என்று வைத்தால், கேள்வி சேர்ந்தது 0.04 விநாடியில். நேர வழங்கியோ தன் கடிகாரத்தில் அப்போது 10.00.02.04 என்கிறது. ஆக, உங்கள் கணினி சரியாக 2 விநாடி பின்தங்கியிருக்கிறது. இதையே பல வழங்கிகளிடம் பலமுறை கேட்டு, தன் படிகம் நாளுக்கு எவ்வளவு தவறுகிறது என்பதையும் கற்றுக்கொள்ளும். நாம் ஒரு வாரம் காத்திருந்து தாளில் போட்ட கணக்கை அது ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்கிறது.

சிறு பிழையைத் திருத்தும்போது அது மணியைச் சட்டென்று தாவவிடாது. கடிகாரத்தைக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு இணைக்கும். விநாடிக்கு 0.0005 விநாடிக்கு மேல் திருத்தாது என்பது அதன் வழக்கம். அந்த வேகத்தில் ஒரு விநாடியைச் சரிசெய்யவே 33 நிமிடம் ஆகும். நேரம் பின்னோக்கித் தாவினால், பிறகு நடந்த விற்பனை முன்னே நடந்ததாகக் கணக்கில் ஏறிவிடும் என்பதால்தான் இந்த நிதானம். நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள அதன் நிரல், பிழை 1,000 விநாடிக்கு மேல் இருந்தால், "ஏதோ சரியில்லை, மனிதர் வந்து பார்க்கட்டும்" என்று வேலையையே நிறுத்திவிடும். ஆகவே இணையம் இருந்தாலும் அந்தச் சிறு கடிகாரம் ஓரளவாவது சரியாக இருக்க வேண்டும்.

இந்த வழங்கிகளுக்கு நேரம் சொல்வது யார்? மலேசியாவில் தேசிய அளவியல் கழகமும், சிங்கப்பூரில் தேசிய அளவியல் மையமும் அணுக்கடிகாரங்களைக் கொண்டு தத்தம் நாட்டு நேரத்தைப் பேணுகின்றன. 1967 முதல் ஒரு விநாடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் என்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் நேரம்தான் படிப்படியாக நம் மேசைக் கணினி வரை வருகிறது.

சிறு பிழை, நீண்ட நேரம்

இவ்வளவு நுட்பம் தேவையா என்று தோன்றலாம். வளைகுடாப் போரின்போது, 1991 பிப்ரவரி 25-இல், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்புக் கருவி, பாய்ந்து வந்த ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தில் அது விழுந்து 28 பேர் இறந்தனர். விசாரணையில் தெரிந்த காரணம், நேரக் கணக்கில் ஒரு சிறு பிசகு. விநாடியில் பத்தில் ஒரு பங்கைக் கணினி எண்ணாக மாற்றியபோது கடைசித் துளி வெட்டுப்பட்டது. அந்தத் துளி, 100 மணி நேரத்துக்கு மேல் கருவியை நிறுத்தாமல் ஓட்டியதில், மூன்றில் ஒரு விநாடியாக வளர்ந்துவிட்டது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது.

இது படிகத்தின் பிழை அல்ல, கணக்கின் பிழை. ஆனாலும் இரண்டும் வளரும் விதம் ஒன்றே.

நம் ஊரில் இது உயிரை எடுக்காது, கூலியை எடுக்கும். ஒரு தொழிற்சாலையின் நுழைவாயில் கருவி 6 நிமிடம் முந்தியும், வெளிவாயில் கருவி 4 நிமிடம் பிந்தியும் இருந்தால் என்ன ஆகும்? ஊழியர் நாள்தோறும் 10 நிமிட வேலையை இழக்கிறார். மாதத்தில் 26 நாள் என்றால் 4 மணி 20 நிமிடம். சட்டத்துக்கு உட்பட்ட ஊழியருக்கு மிகைநேர வேலைக்கு மணிக்கூலியில் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்பது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விதி. அந்த நிமிடங்கள் மிகைநேரத்தில் விழுந்தால் இழப்பு இன்னும் பெரிது. யாரும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார்கள். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

கடை வைத்திருப்பவர்கள் இன்றே கேமராப் பெட்டியையும் கல்லாக் கணினியையும் கைப்பேசியோடு ஒப்பிடுங்கள். பெட்டியைக் கடை இணையத்தோடு இணைக்க முடிந்தால், அதன் அமைப்பில் என்டிபி என்ற இடத்தில் ஒரு குறி போட்டால் போதும். முடியாவிட்டால் மாதத்தின் முதல் நாள் வித்தியாசத்தைக் குறித்துவிட்டு மணியைச் சரிசெய்யுங்கள். பதிவில் ஏதாவது தேட வேண்டிய சம்பவம் நடந்திருந்தால் மட்டும், மணியைத் தொடுவதற்கு முன் வித்தியாசத்தைத் திரையோடு படம் எடுத்து வையுங்கள். மணியை மாற்றிய பிறகு அந்தச் சாட்சி திரும்ப வராது.

வேலைக்குப் போகிறவர்கள், விரல் வைக்கும் கருவியின் நேரத்தை உங்கள் கைப்பேசி நேரத்தோடு ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், தேதி வாரியாக எழுதிய அந்தத் தாளோடு மனிதவளப் பிரிவுக்குப் போங்கள். "உங்க மிஷின் தப்பு" என்று சொல்வதைவிட, "திங்கள் 5 நிமிடம் 40 விநாடி, வெள்ளி 5 நிமிடம் 48 விநாடி" என்று காட்டினால் யாரும் வாதாட மாட்டார்கள்.

அந்த மளிகைக் கடையின் பதிவுப்பெட்டியில் திருத்த அளவு கொடுக்கும் வசதி இல்லை. ஆகவே அதைக் கடை இணையத்தோடு இணைத்து, பக்கத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மாதம் ஒரு வரி: தேதி, பெட்டி காட்டும் நேரம், கைப்பேசி காட்டும் நேரம், பார்த்தவர் கையெழுத்து. இணையம் அறுந்துபோகும் மாதங்களுக்கு அந்த ஒரு வரி உதவும். உங்கள் கடையிலும் அப்படி ஒன்றைத் தொங்கவிடுங்கள். செலவு இரண்டு ரிங்கிட்டுக்கு மேல் ஆகாது.